பிந்திச் சிரிக்கிறவள்

மகள்,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன கிழமை நீ என் போனுக்கு அனுப்பின அறிக்கையை வாசித்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்து, குசினிக் கதிரையில் இருந்து, அடுப்பில் சோறு குழைந்துபோகிற அளவுக்கு வாசித்தேன். அதில் சிறுமி ‘அ’ என்று ஒரு பிள்ளை வருகிறாள். பதினைந்து வயதில் பள்ளிக்கூடச் சட்டையைக் கழற்றவைத்து, சேலை சுற்றி, வாவியைக் கடத்திக் கொண்டுபோய், முன்பின் கதைத்திராத ஒருவனுக்குக் கட்டிவைத்த பிள்ளை. வேலிக்கு அங்கால நின்ற பூமணியக்காவைக் கூப்பிட்டு, “இஞ்ச பாருங்கக்கா அநியாயத்த, பச்சைப் புள்ளையக் கொண்டுபோய்த் தள்ளியிருக்காளுகள்” என்று வாசித்தும் காட்டினேன். இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம். பூமணியக்கா மூக்கைச் சீறிவிட்டு, “அந்தப் புள்ளைட தாய விளக்குமாத்தால சாத்தணும்” என்றா. “ஓம்கா, சாத்தத்தான் வேணும்” என்று நானும் சொன்னேன். மறுகா அடுத்த பந்திக்கு வந்தால் மாப்பிள்ளைக்குக் கூகைக்கட்டு. கன்னம் இரண்டும் வீங்கி, தாடையைத் தலையோடு சேர்த்துத் துணியால் கட்டியிருந்தது என்று எழுதியிருக்கிறாய். உலகத்தில் கூகைக்கட்டோடு மணவறையில் இருந்த மாப்பிள்ளை எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் அந்த நேரம் பின் வளவில் கோழிக்கூட்டுக்குக் கதவு போட்டுக்கொண்டு நின்றார்.

ஆக, என் அம்மாவை விளக்குமாற்றால் சாத்தவேண்டும் என்று நானே வேலியில் நின்று ஒத்துக்கொண்டிருக்கிறேன். பூமணியக்காவுக்கு இன்றுவரை உண்மை சொல்லவில்லை. அவ இப்பவும் காலையில் எட்டிப்பார்த்து, “அந்தப் புள்ளைக்கு மறுகா என்னவாச்சாம்?” என்று கேட்கிறா. “இருக்காளாம்கா, கொஞ்சம் கொழுத்துப்போனாளாம்” என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

அறிக்கைக்குக் கீழே நீ கேட்டிருந்ததை நான் மறக்கவில்லை. “அம்மா, இதை நான் அங்க வாயால சொல்லலாமா? உங்களுக்கு விருப்பமில்லாட்டி எடுத்துப்போடுறன். பிளேன் ஏற முதல் சொல்லுங்க.” வெள்ளிக்கிழமை நீ ஜெனீவாவுக்குப் போகிறாய். பெண்களுக்கெதிரான பாரபட்சத்தை ஒழிப்போம் என்று சமவாயம் ஒன்றில் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்த நாடுகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, சேர்ந்தீர்களே, சேர்ந்து என்ன கிழித்தீர்கள் என்று கேட்கிற ஒரு குழு அங்கே இருக்கிறதாம். அரசாங்கம் தன் பங்குக்கு நல்லதாக நாலு சொல்லும்; மிச்சத்தை உன்னைப்போலப் பிள்ளைகள் எழும்பிச் சொல்லவேண்டுமாம். உனக்குக் கிடைப்பது இரண்டோ மூன்றோ நிமிசம். அந்த நேரத்துக்குள் நான் ஒரு வீட்டுப் படலையைத் திறந்து, என்ன கறி என்று கேட்டு முடிக்கமாட்டேன். நீ என் கல்யாணத்தையே நடத்தி முடிக்கப்போகிறாய். போனில் இரண்டு தரம் கேட்டாய். முதல் தரம் கோழிக்கூட்டைப் பற்றிச் சொன்னேன். மறு தரம் “சிக்னல் இல்ல மகள்” என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. சொல்லு, சொல்லாதே என்ற இரண்டில் ஒன்றுதான் வாயில் வரவில்லை. இந்தக் கடிதம் முடிவதற்குள் அது வந்தாகவேண்டும்.

இந்தக் கதையை நீ எத்தனை தரம் கேட்டிருப்பாய்! மாதர் சங்கக் கூட்டமோ, பிள்ளை பெரியவளான சாமத்திய வீடோ, கோயில் திருவிழா முடிந்த மறுநாள் கால் நீட்டி இருக்கிற பெண்டுகளோ, யாராவது ஒருத்தி “உன்ட கலியாணக் கதையச் சொல்லன்கா” என்றால் எனக்குப் போதும். இரண்டு கன்னத்துக்குள்ளும் பலாச்சுளையை அடக்கிக்கொண்டு உன் அப்பா மாதிரிக் கதைத்துக் காட்டுவேன். ஐயர் தாலியைக் கட்டச் சொல்ல, அவர் தலையைக் குனியமுடியாமல் கட்டையாக இருந்ததையும், கட்டி முடித்ததும் நோ தாங்காமல் அவர் முனகியதை ஊர் ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டதையும் சொல்வேன். வந்தவர்களில் பாதிப்பேருக்கு அடுத்தடுத்த கிழமைகளில் கன்னம் வீங்கியது. எங்கள் கல்யாணத்துக்குப் போட்டோ இல்லை, ஊர்க் கன்னங்கள்தான் சாட்சி என்று முடிப்பேன். அப்பா மூலையில் இருந்து சிரிப்பார். நீயும் தம்பியும், நான் சொல்ல முதலே அடுத்த வரியைச் சொல்வீர்கள்.

நீ சட்டம் படிக்கத் தொடங்கின வருசம் புளியந்தீவில் ஒரு மண்டபத்தில் சிறுவர் உரிமைக் கருத்தரங்கு வைத்தார்களே, நினைவிருக்கிறதா? மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லோரும் தூங்கி விழுந்தபோது, “அன்ரி, ஆக்கள எழுப்பிறதுக்கு என்னத்தையும் சொல்லுங்க” என்று ஒலிவாங்கியை என் கையில் தந்தார்கள். ஒலிவாங்கி கைக்கு வந்தால் நான் விடுவேனா? மண்டபம் குலுங்கியது. சுவரோரம் தண்ணீர்ப் போத்தல் கொடுத்துக்கொண்டு நின்ற நீயும் வழமைபோலச் சிரித்தாய். பிறகு எனக்குப் பின்னால் தொங்கின துணியைப் பார்த்தாய். பதினெட்டு வயதுக்குக் குறைந்த அனைவரும் சிறுவரே என்று அதில் எழுதியிருந்தது. உன் சிரிப்பு நின்றுபோனது. பகிடி விடுகிறவளுக்கு யார் சிரிக்கிறார்கள் என்பதைவிட யார் நிறுத்தினார்கள் என்பது நன்றாகத் தெரியும். பஸ்ஸில் வரும்போது, “அம்மா, அப்ப உங்களுக்கு எத்தின வயசு?” என்று கேட்டாய். “கச்சான் வாங்குவமா?” என்று கேட்டேன். அன்றைக்கு நீ கச்சான் தின்னவில்லை.

உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. கதையில், தட்டம் ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்ற தோழி சிரிப்பை அடக்கமுடியாமல் வாயைப் பொத்தினாள் என்று ஒரு இடம் வரும். அந்த இடத்தில் நான் ஒரு மூச்சு விடுவேன். எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு, கடைசி வரிசையில் இருந்து ஒரு சிரிப்பு தனியாக, கொஞ்சம் பிந்தி வரும். எந்த ஊரில் சொன்னாலும் வரும். பார்ப்பேன். அங்கே ஒரு வெறுங்கதிரை கிடக்கும், இல்லாவிட்டால் மடியில் பிள்ளையைத் தட்டித் தூங்கவைக்கிற ஒருத்தி இருப்பாள். புளியந்தீவு மண்டபத்திலும் வந்தது. பயந்தவள் என்று நினைக்காதே, பேய்க்குப் பயந்திருந்தால் இந்த வாவிக்கரையில் இத்தனை வருசம் குடியிருந்திருக்க ஏலாது. ஆனால் அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். வகுப்பில் ரீச்சர் பகிடி விட்டால் எல்லோரும் சிரித்து முடிந்து, கொப்பியைத் திறந்த பிறகுதான் அவளுக்கு விளங்கும். தனியாகச் சிரித்து, தனியாகக் குட்டு வாங்குவாள். அவள் பெயர் சுகந்தி. உன் அறிக்கையில் அந்தப் பெயர் இல்லை. நான் சொன்னால்தானே நீ எழுதுவாய்!

சுகந்தி என் அப்பாவின் தமக்கையின் மகள், எனக்கு மச்சாள். இரண்டு வளவு தள்ளி வீடு. ஒரே வகுப்பு. என்னைவிட நாலைந்து மாதம் மூப்பு, அதற்காகவே என்னை “வாடி சின்னப்புள்ள” என்பாள். எங்கள் ஊர் படுவான்கரையில், பொழுது படுகிற பக்கம். வாவிக்கு இந்தப் பக்கம், கடலோரமாக, நீ பிறந்து வளர்ந்த செட்டிபாளையம். இடையில் தண்ணீரும், ஆளையும் மாட்டையும் சைக்கிளையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு மிதந்துவருகிற, பாதை என்கிற மிதவையும். அந்த நாளில் எங்கள் கரையில் விடிந்தால் ஒரு கூட்டம், பொழுது பட்டால் இன்னொரு கூட்டம். இரண்டுக்கும் நாங்கள் பெயர் சொல்வதில்லை, ‘அவங்கள்’ என்போம். எந்த அவங்கள் என்பதைத் தலை எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்த்துத்தான் விளங்கிக்கொள்ளவேண்டும். காட்டுப்பக்கம் தலை அசைந்தால், சண்டைக்கு வீட்டுக்கு ஒரு பிள்ளை கேட்கிறவர்கள். கேட்டார்கள், பிறகு கேட்காமலும் கொண்டுபோனார்கள்.

கல்யாணம் முடித்த பெட்டையைக் கொண்டுபோக மாட்டார்களாம் என்று ஒரு கதை வந்தது. யார் முதலில் சொன்னது என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அந்த ஒரு கதையை நம்பி ஊரே பிள்ளைகளைக் கட்டிக்கொடுக்கத் தொடங்கியது. இருமல்காரன், மொட்டையன், இரண்டாம் தாரம், எல்லாருக்கும் திடீரென்று மவுசு. எங்கள் வகுப்பில் பெட்டைகள் இருந்து படிக்கிற வாங்குகள் ஒவ்வொன்றாக வெறுமையாகின. சந்திக் கடையில் மஞ்சள் கயிறு முடிந்துபோனது. நடந்த கல்யாணத்தைவிடக் கயிறு கூடப் போய்விட்டதே என்று கடைக்காரர் ஆச்சரியப்படுவார்.

இந்த நேரத்தில்தான் உன் அப்பாவின் தாய் சம்பந்தம் பேசப் பாதை ஏறி வந்தா. என்னைக் கேட்டு அல்ல, சுகந்தியைக் கேட்டு. இதையும் நான் கூட்டங்களில் சொல்வதில்லை, பெருமைக்குரிய விசயம் இல்லை பார். அப்பாவுக்கு இருபத்திமூன்று வயது, மேசன் வேலை, நல்ல பிள்ளை என்று பெயர். சுகந்தியின் தாய் தண்ணீர் கொடுத்து, வெற்றிலை கொடுத்து, நேராகச் சொல்லிவிட்டா: “என்ட புள்ள படிக்கிற புள்ள. ஓ.எல். எழுதட்டும். பதினெட்டு முடியாம நான் ஒருத்தருக்கும் குடுக்கமாட்டன்.” கல்யாண வயசு பதினெட்டு என்று நாட்டில் சட்டம் மாறின புதுசு அது. எங்கள் கரையில் அதைக் காதில் போட்டுக்கொண்ட ஒரே மனுசி அவதான் என்று நினைக்கிறேன். வந்தவர்கள் எழும்பிப் போக, என் அம்மா படலையில் நின்று மறித்தா. நான் அந்த நேரம் முழங்கால் சேற்றோடு வாய்க்காலுக்குள் நின்றேன். “இவவுக்கு எத்தின வயசு?” என்று கேட்டார்கள். “பதினெட்டு” என்றா அம்மா, கண்ணைச் சிமிட்டாமல். மூன்று வருசம் கூட்டிச் சொன்ன அந்த வாய், அதற்கு முன் எனக்குத் தெரிந்து ஒரு பொய் சொன்னதில்லை.

மகள், எங்கள் பக்கத்து வழமை உனக்குத் தெரியும். வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து ஏறுவது. தாய் தகப்பன் முன்வீட்டை மகளுக்கு விட்டுவிட்டுப் பின்னால் ஒரு குடிலில் ஒதுங்குவது. எவன் கோபித்துக்கொண்டு போனாலும் கூரை பெண்ணின் தலைக்கு மேலே நிற்கும். எந்த நாடு எதில் சேர முதலும் எங்களுக்கு இருந்த ஒரே பாதுகாப்பு அது. என் கல்யாணத்தில் அதுவும் தலைகீழானது. என்னை ஊரில் வைத்திருக்கத்தானே பயம்? அதனால் பொம்பிளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போனாள். அங்கே போனால் அது அவருடைய வீடே இல்லை, அவருடைய தமக்கை, உன் பெரிய மாமியின் வீடு. மாமி என்னை எங்கே படுக்கவைப்பது என்று தெரியாமல் ஒவ்வொரு அறையாகக் கூட்டிக்கொண்டு திரிந்தா. நான் கடைசியில் அவவுடைய சின்ன மகளின் பாயில் படுத்தேன். அப்பா கூகைக்கட்டோடு விறாந்தையில் முனகிக்கொண்டு கிடக்க, நானும் அந்தப் பிள்ளையும் முற்றத்தில் கல் எறிந்து பிடித்துக் கொக்கான் வெட்டினோம். நான்தான் வென்றேன், அதையும் சொல்லவேண்டும்.

நீ அனுப்பினது யாரைப் பற்றி என்று விளங்கின அன்று பின்னேரம் அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். கையில் இருந்த சுத்தியலைக் கீழே வைக்காமல் கேட்டார். “அப்ப அதில நான் யாரு?”

“உங்கட பேர் இல்ல. ‘வயது வந்த ஆண்’ எண்டு போட்டிருக்காள்.”

“மரியாதையாத்தான் போட்டிருக்காள்” என்றார். சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. கூட்டுக் கதவில் ஒரு ஆணியை இறக்கிவிட்டு, “எனக்குப் பதினெட்டு எண்டுதான் சொன்னவங்க. நீ கொக்கான் வெட்டக்குள்ளதான் தெரிஞ்சிது” என்றார்.

“தெரிஞ்சும் என்னத்துக்குப் பேசாம இருந்தீங்க?”

“எங்க கொண்டுபோய் விடுற? அங்க விட்டா அவங்கள்.” தலை காட்டுப்பக்கம் அசைந்தது. இத்தனை வருசத்துக்குப் பிறகும் அசைந்தது, மகள்.

கூகைக்கட்டு மாறின பிறகும் அவர் அந்த விறாந்தையை விட்டு உள்ளே வரவில்லை. எனக்குப் பதினெட்டாகும்வரை அங்கேதான் படுத்தார். ஊர்ப் பெடியன்கள் அவரை என்னென்னவோ சொல்லிக் கேலி பண்ணினார்கள். இதைக் கேட்டு அவரைத் தூக்கிவைத்து ஆடிவிடாதே. நான் விட்ட படிப்பு விட்டதுதான், பதினைந்து வயதில் நான் ஆக்கிப்போட்ட சோறு ஆக்கிப்போட்டதுதான். என்னோடு அதே மாதத்தில் கட்டிக்கொடுத்த இன்னொருத்தி முதல் பிள்ளைப்பேற்றிலேயே போய்விட்டாள். அவளுக்கு வாய்த்தவன் விறாந்தையில் படுக்கவில்லை. நீ எழுதின ஒரு சொல்லும் பொய்யில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

இனித்தான் எனக்குக் கஷ்டமான இடம். கல்யாணம் முடிந்து ஒரு மாதம் போக, அம்மாவுக்குக் காய்ச்சல் என்று நான் படுவான்கரைக்குத் திரும்பிப் போயிருந்தேன். மூன்றாம் நாள் காலை சுகந்தியும் நானும் அம்மா வீட்டுக்குள் இருந்தபோது படலை திறந்து சத்தம் கேட்டது. சுகந்தி நெல்மூட்டைக்குப் பின்னால் போய்விட்டாள். வந்தது மூன்று பேர். முன்னால் நின்றது ஒரு பெட்டை, கட்டையாக வெட்டின தலைமயிர், தோளில் துவக்கு. என்னைக் காட்டி, “இந்தப் புள்ள ஆரு?” என்று கேட்டாள். அம்மா காய்ச்சலோடு எழும்பி வந்து, “என்ட மகள், தங்கச்சி. முடிச்சுக் குடுத்திட்டம். தாலியக் காட்டு புள்ள” என்றா. நான் சட்டைக்குள் இருந்து கயிற்றை இழுத்துக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள்.

“மாப்பிள்ளை என்ன செய்யிற?”

“மேசன் வேல.”

“கல்வீடா?”

“கல்வீடுதான், ஆனா மதினிட வீடு” என்று நான் சொன்னேன். பயத்திலும் எனக்கு வாய் நிற்கவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்து, அடக்கினாள். தண்ணீர் கேட்டாள். செம்பை இரண்டு கையாலும் பிடித்து அண்ணாந்து குடித்தாள், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு முடிந்து வந்து குடிப்போமே, அந்த மாதிரி. என் வயதுதான் இருக்கும். அவளுடைய தாய் எந்தப் படலையில் நின்று மறித்தாவோ, மறிக்காமல் விட்டாவோ தெரியாது. மூன்று பேரும் போய்விட்டார்கள். கொஞ்சம் பிந்தி, நெல்மூட்டைக்குப் பின்னால் ஒரு சிரிப்பு. “மதினிட வீடாம்!” சுகந்தி தலையெல்லாம் உமியோடு எழும்பி வந்து, என் கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். “இந்தச் சின்னச் சாமானுக்கா மச்சாள் அவளுகள் திரும்பிப் போனாளுகள்?”

அதே கிழமை அவளைக் கொண்டுபோனார்கள். ரியூசனுக்குப் போகிற வழியில், மதகடியில். கூடப்போன பிள்ளைகள் வயலுக்குள்ளால் ஓடிவந்து சொன்னார்கள். சைக்கிள் மதகில் சாய்த்தபடி நின்றது, யாரோ தண்ணீர் குடிக்க இறங்கினதுபோல. கதிரவெளிப் பக்கம் கண்டதாக ஒருவர் சொல்ல, தாய் அதுவரைக்கும் போய், ஒவ்வொரு படலையிலும் நின்று கேட்டுவிட்டு வந்தா. அதற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை. இருக்கிறாள் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.

வருசா வருசம் தைப்பொங்கலுக்கு முதல் அப்பா சுண்ணாம்பு வாளியோடு பாதை ஏறிப் போவாரே, சொந்தக்கார மனுசி ஒருத்தியின் வீட்டுக்கு வெள்ளையடிக்க என்று. அது சுகந்தியின் வீடு. அவளுக்கென்று பிறகு தாய் கட்டின கல்வீடு. ஜன்னலுக்குத் திரை போட்டு, தரை கூட்டி, ஒருவரும் ஏறாத வீடு. தாய் பின்னால் குடிலில் படுக்கிறா. மகள் முடித்தால்தான் தாய் பின்னுக்குப் போவது வழமை. அவ மகளே வராமல் பின்னுக்குப் போய்விட்டா, முன்வீடு மகளுக்குக் காலியாக இருக்கவேண்டும் என்று. அப்பா ஏறியிருக்கவேண்டிய வீட்டுக்கு அப்பாவே வெள்ளையடிக்கிறார். இதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் ஒரு நாளும் ஒரு பகிடியும் விட்டதில்லை. நான் பகிடி விடாத விசயம் உலகத்தில் அது ஒன்றுதான் என்று வைத்துக்கொள்.

போன முறை வீட்டுக்கு வந்தபோது, வெங்காயம் வெட்டிக்கொண்டே எனக்குப் பாடம் நடத்தினாயே. பெண்களுக்கான சமவாயத்தில் நாடு சேர்ந்தது நான் பிறந்த வருசமாம். அப்போ நானும் அதுவும் ஒரே வயசு, இரண்டுக்கும் முழங்கால் நோ இருக்கும் என்று நான் சொன்னேன். சிறுவர் சமவாயத்தில் சேரும்போது எனக்கும் சுகந்திக்கும் பத்து வயதிருக்கும். கொழும்பில் யாரோ எங்களுக்காகக் கையெழுத்துப் போட்ட அன்று நாங்கள் வாய்க்காலில் நின்றிருப்போம். பிள்ளை என்றால் பதினெட்டு வரை என்று அதில் எழுதியிருக்கிறது என்றாய். “ஆனா அம்மா, சண்டைக்குச் சேர்க்கிற விசயத்தில மட்டும் முதல்ல பதினைஞ்சு எண்டுதான் இருந்தது. மறுகாதான் இன்னொரு ஒப்பந்தம் வந்து பதினெட்டாக்கினவங்க” என்றாய். நான் எழும்பிப் போய் முகம் கழுவினேன். வெங்காயம் என்று நினைத்திருப்பாய். அந்தக் கிழமை எனக்குப் பதினைந்து நடந்துகொண்டிருந்தது, சுகந்திக்குப் பதினைந்து முடிந்திருந்தது. அந்தத் தாளில்கூட அவளுக்கு இடம் பற்றவில்லை. அவளுடைய தாய் செய்தது அவ்வளவும் உங்கள் சமவாயம் சொன்னபடிதான். கட்டிக்கொடுக்காதே என்றது, கொடுக்கவில்லை. படிக்கவிடு என்றது, விட்டா. என் அம்மா செய்தது அவ்வளவும் பிழை. பிழை செய்தவளின் மகள் கொழுத்துப்போய் உனக்குக் கடிதம் எழுதுகிறாள்.

உன்னோடு என் வாய் அடைத்துப்போனது இதனால்தான். என் கல்யாணம் ஒரு அநியாயம் என்று நீ அங்கே சொல்லி, அவர்களும் தலையாட்டினால், அப்போ சரியாக நடந்த சுகந்தியின் வீட்டுக்கு யார் பதில் சொல்வது? அநியாயம் இல்லை, அதுதான் என்னைக் காப்பாற்றியது என்று நான் சொன்னால், நாளைக்கு இன்னொரு தாய் இன்னொரு படலையில் நின்று பதினெட்டு என்று சொல்வாள். பிள்ளையைக் கல்யாணத்தில் இருந்து காக்கவும் துவக்கில் இருந்து காக்கவும் ஒரே நாடு ஒப்புக்கொண்டது; எங்கள் அம்மாமார் இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்யவேண்டி வந்தது. கிழித்தது என்ன என்று கேட்கிறவர்களிடம் இதைக் கேள்.

சொல்லு மகள். வந்துவிட்டது பார், அந்தச் சொல். என் கதையைச் சொல்லு, கூகைக்கட்டை மட்டும் விட்டுவிடு. அங்கே சிரித்துவிட்டார்கள் என்றால் பிறகு ஒன்றும் காதில் ஏறாது, அனுபவத்தில் சொல்கிறேன். என் அம்மாவைக் கொடியவள் என்று சொல்லாதே, பொய் சொன்னா என்று மட்டும் சொல்லு. என்னைத் தனியாக நிறுத்தாதே. சிறுமி ‘அ’வுக்குப் பக்கத்தில் ‘ஆ’ ஒருத்தி இருக்கவேண்டும். எனக்கு எழுத்துப் போதும், அவளுக்குப் பெயரே போடு. சுகந்தியின் தாயிடம் நேற்றுப் போய்க் கேட்டுவிட்டேன். “பேரச் சொல்லட்டும், ஆரும் கண்டவங்க இருந்தாக் கேக்கட்டும்” என்றா. நீ பேசி முடித்த பிறகு உடனே உட்கார்ந்துவிடாதே. கொஞ்சம் பொறு. கடைசி வரிசையைப் பார். குளிருக்குக் காதை மூடு, அப்பா வாங்கின கம்பளித் தொப்பி அசிங்கம்தான், இருந்தாலும் போடு.

ஒன்று விட்டுப்போய்விட்டது. தாலி என்னைக் காப்பாற்றியது என்றுதான் இவ்வளவு நேரமும் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன், இத்தனை வருசமும் அப்படித்தான் நம்பிக்கொண்டும் இருக்கிறேன். அன்றைக்குச் சுகந்தி ரியூசனுக்கு வெளிக்கிட்டபோது அவளுடைய கழுத்திலும் ஒரு மஞ்சள் கயிறு இருந்தது. படலையில் என் தாலி வேலை செய்ததைக் கேட்டு அவளுடைய தாய் சந்திக் கடையில் வாங்கிவந்தது. தாய் அவளுடைய பின்னலைத் தூக்கிப் பிடிக்க, மூன்று முடிச்சும் நான்தான் போட்டேன்.

அம்மா